வாசல் கதவின் படம்

—அந்த அட்டைப்பெட்டியைக் கீழ வை, வாலு. டேப்பு ஒட்டினது போதும். கேட்டதுக்குப் பதில் சொல்லு. போன்ல இருக்கற நம்ம பேஜை இன்னிக்கு மூடறியா, இல்லையா?

—அண்ணி, நாலு மணிக்கு வண்டி வந்துடும். மாடியில ஆறு கட்டில் இன்னும் கழட்டாம நிக்குது. முதல்ல அதை முடிப்போமே.

—கட்டில் எங்கேயும் எழுந்து ஓடிடாது. அஞ்சு மணிக்குக் கமிட்டி உக்காருது. அங்க போய் நான் ஒண்ணு சொல்லி, நீ ஒண்ணு சொல்லி, வக்கீலம்மா முன்னாடி அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கணுமா? இங்கேயே பேசித் தீர்த்துக்கலாம். வீடும் காலியா இருக்கு.

—காலியா இருக்கறதாலதான் எனக்குப் பேசவே பிடிக்கல. இந்த ஹால்ல நம்ம குரல் இப்படித் திரும்பி வந்து நான் கேட்டதே இல்ல.

—எனக்கு மட்டும் பிடிக்குதா? பத்து பொம்பளைங்க, ஏழு குழந்தைங்க. ரெண்டு ரெண்டு பேரா வேற வேற இடத்துக்கு அனுப்பி வச்சேன். ஒவ்வொருத்தியும் "என்னாலதான் மேடம்"னு அழுதுட்டுப் போறா. தபால்காரருக்குக் கூட தெரியாம பத்து வருஷம் வச்சிருந்த வீடு இது. பக்கத்து வீட்டுல கேட்டா நர்ஸம்மா ஹாஸ்டல் நடத்தறாங்கன்னு சொல்வாங்க. அவ்வளவுதான் தெரியும். இன்னிக்கு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது சொல்லு.

—அது அந்தப் படுபாவி போட்டது, அண்ணி. தையக்காரியோட புருஷன். பேஜா போட்டுச்சு?

—அவன் போட்டான், சரி. போட்டதை நாலு நாள் எடுக்காம வச்சிருந்தது யாரு?

—அதுக்குத்தான் புகார் பண்ணினோமே. நான் பண்ணினேன், நீங்க பண்ணினீங்க, வக்கீலம்மா பண்ணினாங்க, சமையல்கார அக்கா கூட அவங்க பையனை விட்டுப் பண்ணினாங்க. விரல் தேயத் தேய பண்ணினோம்.

—பதில் என்ன வந்துச்சு? படிச்சுக் காட்டு.

—வேண்டாம் அண்ணி.

—போன் கையிலதான இருக்கு. படி.

—"உங்கள் புகாரைப் பரிசீலித்தோம். இந்தப் பதிவில் எங்கள் விதிகளுக்கு மாறானது எதுவும் இல்லை. எங்கள் சமூகத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்க உதவியதற்கு நன்றி."

—நன்றியாம். நம்ம வாசல் கதவைப் படம் பிடிச்சு, கதவு நம்பர் போட்டு, தெருப் பேர் போட்டு, எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு வரைக்கும் எழுதி, "என் பொண்டாட்டியை மயக்கி அடைச்சு வச்சிருக்கற வீடு இதுதான், ஆம்பளையா இருக்கறவன் வா"ன்னு போட்டிருக்கான். அதுவும் நம்ம பேஜுக்கு அடியிலேயே. அதுல மாறானது எதுவும் இல்லையாம்.

—ஆளோட முகம் இருந்தா எடுப்பாங்களாம். வெறும் கதவுதானே, அதுல யாரும் இல்லையேன்னு நினைச்சிருப்பாங்க. வக்கீலம்மா அப்படித்தான் சொன்னாங்க.

—கதவுக்குப் பின்னாடி யார் இருந்தாங்கன்னு நாம எழுதினோமே. ஒவ்வொரு தடவையும் எழுதினோமே, வாலு. "இது பாதுகாப்பு இல்லம், உயிர் போகும்"னு எழுதினோமா இல்லையா?

—எழுதினோம்.

—போச்சா இல்லையா? உயிர் போகல. ஆனா என்ன மிச்சம்? நீ அன்னிக்கு ஊர்ல இல்ல. நான்தான் இருந்தேன். நாலாம் நாள் மத்தியானம், மூணு பேரைக் கூட்டிட்டு வந்து கேட்டைப் பிடிச்சு ஆட்டறான். நான் போலீஸுக்குப் போன் போட்டுட்டு இருக்கேன், அவங்க என்கிட்ட ஸ்பெல்லிங் கேட்டுட்டு இருக்காங்க. தையக்காரி என்ன பண்ணினா தெரியுமா?

—தெரியும் அண்ணி. சொல்லியிருக்கீங்க.

—இன்னொரு தடவை கேளு. பொண்ணை மாடி பாத்ரூம்ல உக்கார வச்சு, பக்கெட்டை வச்சு, குழாயைத் திறந்து விட்டுட்டு, "இது நிரம்பினதும் நீயே நிறுத்திட்டு அம்மாவைக் கூப்பிடு"ன்னு சொல்லிட்டு இறங்கி வந்தா. சத்தம் கேட்கக் கூடாதுன்னு. நான் குறுக்க நின்னேன். "மேடம், நான் போகலேன்னா அவங்க உள்ள வருவாங்க. உள்ள பத்து பேர் இருக்காங்க"ன்னு சொல்லிட்டு, என் கையை எடுத்து விட்டுட்டு, அவளே தாழ்ப்பாளைத் திறந்தா.

—அண்ணி, போதும்.

—இப்போ தாடையில கம்பி கட்டிப் படுத்திருக்கா. நேத்து போயிருந்தேன். பேச முடியாதில்ல, ஒரு நோட்டு கொடுத்திருக்காங்க. நான் போனதும் அவ எழுதிக் காட்டின முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பாப்பா தண்ணியை நிறுத்தினாளா?"

—ஐயோ.

—முப்பது வருஷம் வார்டுல நின்னவ நான். எத்தனையோ பார்த்திருக்கேன். நேத்து படியில உக்காந்துட்டேன். ஒரு சின்ன நர்ஸு வந்து "பெரியம்மா, தண்ணி வேணுமா"ங்கறா.

—நான் மட்டும் சந்தோஷமாவா இருக்கேன்? எனக்கும் கோவம்தான். ஆனா அண்ணி, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். கோவத்தைத் தள்ளி வச்சிட்டுக் கேளுங்க. அந்தத் தையக்காரி நம்மகிட்ட எப்படி வந்தா?

—எனக்குத் தெரியாதா?

—பேஜ் வழியாதான் வந்தா. புருஷன் குளிக்கப் போன நேரத்துல, அவன் போனை எடுத்து, நமக்கு மூணு வரி எழுதி, அனுப்பிட்டு அழிச்சுட்டா. "அடிக்கிறார். பொண்ணு இருக்கா. எங்க வரணும்?" நான் அப்போ காய்கறிக் கடையில நிக்கறேன். அங்கேயே நின்னு பதில் அடிச்சேன். அந்தப் பேஜ் இல்லேன்னா அவ யாருக்கு எழுதியிருப்பா? போன வருஷம் வந்தவங்கள்ல பாதிக்கு மேல அப்படித்தான் வந்தாங்க. வெளியே விடாத வீட்டுல இருக்கறவளுக்கு வெளியேன்னு இருக்கறதே அந்தப் போன் ஒண்ணுதான்.

—பேஜ் வர்றதுக்கு முன்னாடி யாரும் வரலியா? ஆஸ்பத்திரி லேடீஸ் டாய்லெட் கதவுக்குப் பின்னாடி ஒரு சீட்டு ஒட்டி வச்சிருந்தேன். புருஷனுங்க வர முடியாத இடம் அது ஒண்ணுதான். கீழே சின்னச் சின்னதா கிழிச்சுக்கற மாதிரி நம்பர். வாராவாரம் போய்ப் பார்ப்பேன். ரெண்டு மூணு கிழிஞ்சிருக்கும்.

—ரெண்டு மூணு அண்ணி! மிச்சப் பேர் ஆஸ்பத்திரிக்கே போக விடாதவங்க. அவங்களை என்ன பண்றது?

—இப்போ தாடை உடைஞ்சவளை என்ன பண்றது?

—நாம அங்கிருந்து கிளம்பிட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அவனுங்க கிளம்ப மாட்டானுங்க. அவனுங்க எழுதறது அங்கேயே இருக்கும், அவனுங்க போடற படம் அங்கேயே இருக்கும். இவ ஒருத்தி போனைத் திறந்து தேடுவா. நாம இருக்க மாட்டோம். அவனுங்க மட்டும் இருப்பானுங்க.

—நல்லாத்தான் பேசற. சும்மா சொல்லக் கூடாது, உனக்கு வாய் எப்பவும் உண்டு. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் வாடகைக்கு இடம் தர்றான். நாம அங்க கடை போட்டு, "பயப்படாம வாங்கம்மா, இங்க வாங்க"ன்னு கூவறோம். வர்றவளோட கை ரேகை, கால் ரேகை எல்லாத்தையும் அவன் எடுத்து வச்சுக்கறான். அப்புறம் அவ யாருக்குப் பயந்து வந்தாளோ, அவனையே கூப்பிட்டு "இவளைத் தெரியுமா உனக்கு?"ன்னு காட்டறான். அந்தக் கடையில நான் இன்னும் நின்னு கூவணுமா?

—அது இயந்திரம் பண்றது அண்ணி. எவனும் உக்காந்து பண்றதில்ல.

—ஓஹோ. அப்போ அந்த ஓட்டல் கூட்டத்துல கம்பெனிக்காரி ஒருத்தி சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாளே, அதுவும் இயந்திரமா? என்னையும் பட்டுச் சேலை கட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போனியே. கழுத்துல அட்டை மாட்டி விட்டு, ஆளுக்கொரு துணிப்பை கொடுத்து. "உங்களை மாதிரி நல்ல காரியம் பண்றவங்க எங்க குடும்பம் மாதிரி. எந்த நேரமானாலும் எனக்கு எழுதுங்க"ன்னா. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா.

—அவங்களுக்கும் எழுதினேன்.

—பதில் வந்துச்சா?

—"இந்த முகவரியில் இப்போது யாரும் பணியில் இல்லை"ன்னு வந்துச்சு.

—குடும்பம்! என் புருஷன் குடும்பம் மாதிரிதான் போல.

—சிரிப்பு காட்டாதீங்க அண்ணி. எனக்கு அழுகையா வருது.

—நான் சிரிக்கவா சொன்னேன்? அப்புறம் அந்தப் பூச்செண்டு படம் போட்டு ஒண்ணு வந்துச்சே, அது என்ன? அன்னிக்கு ராத்திரி ஊர்ல இருந்து வந்ததும் நீ போனை எறிஞ்சியே.

—அது... "வாழ்த்துக்கள். இந்த வாரம் உங்கள் பக்கத்துக்கு வரவேற்பு பல மடங்கு கூடியிருக்கிறது. இன்னும் பலரிடம் கொண்டு சேர்க்க விரும்புகிறீர்களா?"ன்னு.

—வரவேற்பு எதனால கூடுச்சு?

—எல்லாரும் அந்தக் கதவுப் படத்தைப் பார்க்க வந்ததால.

—அவ தாடை உடைஞ்ச அன்னிக்கு நமக்குப் பூச்செண்டு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?

—எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் அந்தக் கம்பெனிக்காகப் பேசல, அண்ணி. அங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு எழுதறாளே ஒருத்தி, அவளுக்காகப் பேசறேன். எனக்கு அவளை மட்டும்தான் தெரியும்.

—அது எனக்குத் தெரியும். அதனாலதான் கமிட்டிக்குப் போறதுக்கு முன்னாடி உன்னைக் கேக்கறேன். நீ சரின்னு சொன்னாத்தான் மூடணும். நீ ஆரம்பிச்சது.

—அண்ணி.

—என்ன?

—இந்தத் திரைச்சீலையை ஒரு கை பிடிங்க. மடிச்சுக்கிட்டே சொல்றேன். உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

—என்னடி இது புதுசா.

—அவன் எப்படிக் கண்டுபிடிச்சான்னு கமிட்டியில நான் என்ன சொன்னேன்?

—தையக்காரி அவ அம்மா போட்டோவைப் பார்க்கணும்னு புதுப் பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சா. ரெண்டு நாள்ல அது "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்"னு புருஷனுக்கே காட்டிடுச்சு. கூடவே நம்ம சமையல்கார அக்காவையும் காட்டுச்சு. அந்த அக்கா போட்டிருந்த பூனைக்குட்டி படத்துல கேட்டும் மூலைக் கடை போர்டும் தெரிஞ்சுச்சு. அதை வச்சு அவன் தெருத் தெருவா நடந்து பிடிச்சான். அப்படித்தானே சொன்ன?

—அதெல்லாம் உண்மைதான். ஆனா புதுப் பேரு, புது நம்பரு, போட்டோ கூட இல்ல. அவளை எதுக்கு அவனுக்குக் காட்டணும்? அதை நான் சொல்லல.

—நீதானே இயந்திரம்னு சொன்ன.

—இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தது நான். இந்த வருஷ ஆரம்பத்துல பேஜ் போன்ல ஒண்ணு கேட்டுச்சு. "உங்கள் போனில் உள்ள எண்களைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் பக்கம் தேவைப்படுபவர்களை எளிதாகச் சென்றடையும்"னு. தேவைப்படுறவங்கன்னு போட்டிருந்துச்சு, அண்ணி. நான் சரின்னு அமுக்கினேன்.

—அதுல என்ன இருந்துச்சு?

—எல்லாரும் இருந்தாங்க. வந்தவங்க, போனவங்க, சமையல்கார அக்கா, நீங்க. அதுக்கப்புறம் புதுசா எந்த நம்பரைப் போட்டாலும் அதுவே எடுத்துக்குது. தையக்காரியோட புது நம்பரும் அப்படித்தான் போச்சு. அப்புறம்... அவ முதல் தடவை எழுதினா இல்ல, புருஷன் போன்ல இருந்து. அந்த நம்பரையும் நான் "தையக்காரி பழசு"ன்னு போட்டு வச்சிருந்தேன். திரும்ப அதுல இருந்து கூப்பிட்டா எடுக்கக் கூடாதுன்னு ஞாபகத்துக்காக. அது ரெண்டையும் ஒரே போன்ல பார்த்தா, முடிச்சுப் போடத்தானே செய்யும்?

—எப்போ தெரிஞ்சுச்சு உனக்கு?

—படம் வந்த ரெண்டாம் நாள்.

—இன்னிக்கு எத்தனையாவது நாள்?

—பதிமூணு.

—பதினோரு நாள் எங்கூடவே உக்காந்து சாப்பிட்டிருக்க. ஆஸ்பத்திரிக்கு எங்கூட வந்திருக்க. அவ கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்த.

—சொல்ல வாய் வரல அண்ணி.

—உனக்கா வாய் வரல? உங்க அண்ணன் என் தலைமுடியைப் பிடிச்சு மாடிப்படியில இழுத்த அன்னிக்கு, பத்தொம்பது வயசு உனக்கு. கூடப் பிறந்தவன்னு பார்க்காம அவன் நெஞ்சுல கை வச்சுத் தள்ளிட்டு, என்னை ஆட்டோவுல ஏத்தினவ நீ. உங்க அம்மா இன்னிக்கு வரைக்கும் உங்கூடப் பேசறதில்ல. இந்த உலகத்துல ஒரு ஆள் என்கிட்ட எதையும் மறைக்க மாட்டான்னா அது என் நாத்தனார்தான்னு, ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

—என்னை அடிச்சிடுங்க அண்ணி. இப்படிப் பேசாதீங்க.

—அடிக்கறவங்க கிட்ட இருந்து ஓடி வந்தவ நான். நான் அடிப்பேனா? அந்த மூலையை நல்லா இழுத்துப் பிடி. சுருக்கம் விழுது.

—நான் வேணும்னு பண்ணல.

—வேணும்னு பண்ணலேன்னு எனக்குத் தெரியும். "சரி"ன்னு ஒரு பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி "அண்ணி, இப்படிக் கேக்குது, என்ன பண்ணலாம்"னு சமையல்கட்டுப் பக்கம் ஒரு குரல் கொடுத்திருந்தா? நான் பத்தடி தூரத்துலதானே இருந்திருப்பேன்.

—கேட்டிருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.

—ஆமா, சொல்லியிருப்பேன்.

—அதனாலதான் கேக்கல. நிறைய பேர் வரணும்னு ஆசை. நம்ம பேஜ் பெரிசாகணும்னும்தான். ரெண்டும்தான். பொய் சொல்ல மாட்டேன்.

—அப்பாடா. இதையாவது சொன்னியே.

—மூடிடறேன் அண்ணி. இப்பவே.

—கமிட்டி சொல்லட்டும்.

—வேண்டாம். கமிட்டியில போய் இதையெல்லாம் நானே சொல்லிடறேன். ஆனா அதுக்கு முன்னாடி மூடிட்டுத்தான் போவேன். எல்லார் நம்பரும் அதுல இன்னும் உக்காந்திருக்கு. ஒரு மணி நேரம் கூட இருக்க வேண்டாம். இதோ, பாருங்க, பக்கத்துல வந்து நில்லுங்க.

—என் மூக்குக் கண்ணாடி பெட்டிக்குள்ள போயிடுச்சு. நீயே படி.

—"நீங்கள் எங்களை விட்டுப் போவது வருத்தமாக இருக்கிறது. ஏன் போகிறீர்கள்? ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்."

—என்னென்ன இருக்கு?

—"அதிக நேரம் செலவாகிறது. அறிவிப்புகள் அதிகமாக வருகின்றன. பயன்படுத்தத் தெரியவில்லை. இன்னொரு கணக்கு இருக்கிறது. சிறிது காலம் ஓய்வு வேண்டும். மற்றவை."

—மற்றவை போடு.

—"மற்றவை"க்குக் கீழ எழுத இடம் இல்ல, அண்ணி.

—இருக்காது. அமுக்கு.

—அமுக்கிட்டேன். முப்பது நாள் கழிச்சுத்தான் முழுசா அழியுமாம். அதுக்குள்ள மனசு மாறினா திரும்ப வரலாமாம்.

—உங்க அண்ணனும் அதையேதான் சொல்லி அனுப்பினான். சரி விடு. மூக்கைச் சிந்து. கட்டிலைக் கழட்டலாம். ஸ்பானர் எங்க?

—அண்ணி, இருங்க. கேட்டை யாரோ தட்டறாங்க.

—வண்டியா?

—மணி ரெண்டேகால்தான் ஆகுது. நீங்க ஜன்னல் பக்கம் வராதீங்க, நான் பார்க்கறேன். ஒரு பொண்ணு. தனியாத்தான் நிக்கறா. தோள்ல ஒரு பை. கழுத்துல ஆபீஸ் அட்டை.

—தெரு முனையில யாராவது நிக்கறானா பாரு.

—யாரும் இல்ல. அவளே திரும்பித் திரும்பிப் பார்க்கறா.

—அப்போ நம்ம ஆளுதான். வா, கேட்டுக்குப் போலாம். யாரும்மா நீ? என்ன வேணும்?

—மேடம்... வந்து... இது அந்த வீடுதானே?

—எந்த வீடு?

—போக இடம் இல்லாதவங்க வர்ற வீடு.

—இன்னிக்கு வரைக்கும் அந்த வீடுதான். கையை ஏன் மறைக்கற? நீட்டு. கம்பி வழியா நீட்டு, பயப்படாத, நான் நர்ஸு. விரலை மடக்கு. வலிக்குதா? இது எப்போ ஆச்சு?

—முந்தாநேத்து மேடம்.

—எலும்பு விரிசல் விட்டிருக்கு. இதோடயா ரெண்டு நாள் வேலைக்குப் போன? வாலு, சாவியை எடு.

—மேடம், வந்து... உள்ள வர்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்.

—உள்ள வந்து சொல்லு. முதல்ல ஒரு துணி வச்சுக் கட்டணும்.

—ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். நீங்க எங்க பேஜைப் பார்த்துட்டுதானே வந்தீங்க?

—ஆமாங்க. பேஜ்லதான் பார்த்தேன்.

—கேட்டீங்களா அண்ணி? மூடி அஞ்சு நிமிஷம் ஆகல. இன்னும் ஒருத்தி.

—நம்ம பேஜ்ல நாம எப்பவாவது விலாசம் போட்டிருக்கோமா, வாலு?

—இல்ல.

—அப்போ இவ வாசல் வரைக்கும் எப்படி வந்தா? ஏம்மா, நீ பார்த்தது எங்க பேஜா, அதுக்கு அடியில ஒருத்தன் போட்டிருந்தானே, இந்தக் கதவுப் படம், அதையா?

—கதவுப் படத்தைத்தான் மேடம்.

—அதை அஞ்சாம் நாளே எடுத்துட்டாங்க. அவ ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம், போலீஸ் எழுதினப்புறம்.

—தெரியும் மேடம். அதுக்கு முன்னாடி பார்த்தேன். ஆபீஸ்ல.

—ஏன், வீட்டுல போன் இல்லியா?

—என் வீட்டுக்காரர் காலையில ஆபீஸ் வாசல்ல இறக்கி விடுவார். சாயங்காலம் அதே வாசல்ல நிப்பார். வீட்டுக்குப் போனதும் போனை வாங்கி ஒண்ணு விடாமப் பார்ப்பார். என்ன தேடினேன்னு பார்ப்பார். இன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல பின்வாசல் வழியா வந்துட்டேன் மேடம். அங்க பின்வாசல் இருக்கறது அவருக்குத் தெரியாது.

—புத்திசாலி. சாவி எங்கடி?

—அண்ணி, இருங்க. அவசரப்படாதீங்க. ஏங்க, ஆபீஸ்ல உங்க போனைப் பார்க்க விடுவாங்களா?

—இல்லீங்க. உள்ள போகும்போதே போனை லாக்கர்ல வச்சிடணும். பேப்பர், பேனா கூட கொண்டு போகக் கூடாது. எதையும் எழுதிட்டு வந்துடக் கூடாதுன்னு.

—அப்போ எதுல பார்த்தீங்க?

—வேலை பார்க்கற ஸ்கிரீன்ல.

—அண்ணி, அந்த அட்டையைப் பாருங்க. திருப்பிப் போட்டிருக்கா. என்ன வேலைன்னு கேளுங்க.

—ஏன் அவளை இப்படி மிரட்டற? என்ன வேலையா இருந்தா நமக்கென்ன? இந்த வீட்டுக்கு வர்றவளை எங்க அடிச்சான்னு கேப்போம். நீ என்ன பண்ணினன்னு யாரையும் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல, என்னையும் யாரும் கேட்டதில்ல.

—கேளுங்க மேடம். கேட்டுட்டே திறங்க.

—சரி. என்ன வேலைம்மா?

—படம் பார்க்கற வேலை. யாராவது ஒரு படத்து மேல புகார் பண்ணினா, அது எங்க ஸ்கிரீனுக்கு வரும். ரெண்டு பொத்தான். எடு, இல்லேன்னா வை. எட்டு செகண்டுதான் தருவாங்க. எடுத்துட்டா போயிடும். வச்சிட்டா, மறுபடி அது மேல புகார் வரும்போது அதே ஆளுக்குத்தான் திரும்ப வரும்.

—நீ சொல்லும்மா.

—ஒவ்வொரு தடவையும் நீங்க எழுதினதைப் படிச்சேன் மேடம். பாதுகாப்பு இல்லம், உயிர் போகும்னு. அப்படி ஒரு வீடு இருக்குன்னு எனக்கு அதுல இருந்துதான் தெரியும்.

—தெரிஞ்சுமா?

—எட்டு செகண்டுல முதல் தடவை கதவு நம்பர் மட்டும்தான் மேடம் மனசுல நின்னுச்சு. தெருப் பேர் நிக்கல, ஸ்டாப்பு நிக்கல, எழுதி வச்சுக்க வழியும் இல்ல. மறுபடி ஒரு தடவை வரட்டும், மறுபடி ஒரு தடவை வரட்டும்னு, நாலு நாளும் "வை"ன்னு அமுக்கினது நான்தான்.